இலக்கணம் சரி, ஆனாலும் வாக்கியம் இடறுகிறது: ஆய்வு ஆங்கிலச் சொற்சேர்க்கைகளில் பிழை கண்டு நீக்கும் வழி

ஆய்வுக் கட்டுரையையோ பல்கலைக்கழக ஒப்படைப்பையோ ஆங்கிலத்தில் எழுதி அனுப்புகிறீர்கள். இலக்கணம் பார்க்கும் மென்பொருள் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்த வரைவில் அங்கங்கே அடிக்கோடு, ஓரத்தில் 'ஆக்வர்ட்' என்று ஒரே ஒரு சொல். என்ன தவறு என்று எழுதியிருக்கமாட்டார்கள். அந்தக் குறிப்பை எழுதியவருக்கே அதை விளக்கத் தெரியாது. காதுக்கு உறுத்துகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் இது சொற்சேர்க்கைப் பிழை, அதாவது கொலோகேஷன் பிழை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வரும் என்பது விதியில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது. அதனால் இலக்கணப் புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாலும் இது தீராது.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போகலாம். ஆனால் எல்லாத் திருத்தங்களுக்கும் அடியில் ஒரே பழக்கம்தான் இருக்கிறது: பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்குவது. 'கன்க்ளூஷன்', 'எவிடென்ஸ்', 'ஹைபாதெசிஸ்' போன்ற பெயர்ச்சொற்களை நீங்கள் பொருளுக்காகத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அவற்றுக்கு முன்னால் எந்த வினை, எந்த அடைமொழி, பின்னால் எந்த பிரிபோசிஷன் ('ஆஃப்', 'ஆன்', 'டு' போன்ற சிறு சொல்) என்பதை அந்தப் பெயர்ச்சொல்லே முடிவு செய்துவிடுகிறது. அகராதியியல் அறிஞர் ஃபிரான்ஸ் யோசஃப் ஹவுஸ்மான் இதைத்தான் அடிச்சொல், துணைச்சொல் என்று பிரித்துக் காட்டினார். அடிச்சொல்லைத் தேடினால் துணைச்சொல் கிடைக்கும். வினைச்சொல்லை முதலில் பிடித்துக்கொண்டு அதற்குப் பெயர்ச்சொல் தேடுகிறவர்கள்தான் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறார்கள்.

அறிகுறி: 'மேட் எ ரிசர்ச்', 'டிட் எ கன்க்ளூஷன்', 'புட் எ ஹைபாதெசிஸ்'

பொருள் புரிகிறது, வினை மட்டும் ஒட்டவில்லை. தமிழில் 'செய்' என்ற வினை ஆய்வு, முயற்சி, ஏற்பாடு, தவறு என்று எதனோடும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சுதந்திரத்தை 'மேக்', 'டூ', 'கிவ்' என்ற மூன்றுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

வரைவைத் திறந்து 'மேக், டூ, கிவ், ஹேவ், கெட், டேக், புட்' என்ற வினைகளை ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிடைத்த இடத்திலெல்லாம் வினையை விட்டுவிட்டு, அதன் பின்னால் வரும் பெயர்ச்சொல்லைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் அந்தப் பெயர்ச்சொல்லைச் சொற்சேர்க்கை அகராதியில் பாருங்கள். 'ஸ்கெல்' என்ற இலவச இணையக் கருவியிலும் பார்க்கலாம். அதில் ஒரு சொல்லைக் கொடுத்து 'வேர்ட் ஸ்கெட்ச்' என்ற பகுதிக்குப் போனால், அந்தச் சொல்லை எந்த வினைகள் எடுக்கின்றன, எந்த அடைமொழிகள் முன்னால் வருகின்றன என்று வகை பிரித்துக் காட்டும்.

'கன்க்ளூஷன்' என்ற ஒரு சொல்லை எடுத்துப் பார்ப்போம். 'டிரா', 'ரீச்', 'கம் டு', 'அரைவ் அட்' என்று நான்கு வினைகள் முன்னால் வந்து நிற்கும். நான்கும் ஒன்றல்ல. தரவை வைத்துக்கொண்டு அதிலிருந்து முடிவைப் பெறும்போது 'டிரா'. கூடவே 'ஃபிரம்' வரும்: 'கன்க்ளூஷன்ஸ் கேன் பி டிரான் ஃபிரம் தீஸ் டேட்டா'. யோசித்து, விவாதித்து, கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்பதற்கு 'ரீச்', 'கம் டு', 'அரைவ் அட்'. இந்த மூன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் 'த கன்க்ளூஷன் தட்' என்று ஒரு முழுவாக்கியம் தொடரும். அவசரப்பட்டு முடிவு கட்டினால் 'ஜம்ப் டு'. பிறகு தரவு அந்த முடிவைத் தாங்கினால் 'சப்போர்ட்'. ஒரு பெயர்ச்சொல்லுக்கு இத்தனையும் ஒரே பக்கத்தில் கிடைக்கும்போது, வினைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதில் என்ன பயன்?

'ஹைபாதெசிஸ்' இன்னும் சுவையானது. அதை 'ஃபார்முலேட்' செய்வார்கள், 'ப்ரொபோஸ்' செய்வார்கள், 'டெஸ்ட்' செய்வார்கள். முடிவு சாதகமாக வந்தால் 'சப்போர்ட்' வரும். 'ப்ரூவ்' என்று எழுதினால் கவனமான ஆய்வாளர் நிமிர்ந்து பார்ப்பார், ஏனென்றால் ஒரு சோதனை கருதுகோளை நிரூபித்துவிடாது, ஆதரவு சேர்க்கும். புள்ளியியலில் 'நல் ஹைபாதெசிஸ்' (வேறுபாடோ தொடர்போ இல்லை என்று வைத்துக்கொள்ளும் கருதுகோள்) என்றால் 'ரிஜெக்ட்', அல்லது 'ஃபெயில் டு ரிஜெக்ட்'. 'அக்செப்ட்' என்று எழுதக்கூடாது என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதும் இதனால்தான். சரியான வினையைக் கற்றுக்கொள்ளும்போது துறை எப்படிச் சிந்திக்கிறது என்பதும் சேர்ந்தே வந்துவிடுகிறது. சொற்சேர்க்கையை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் ஒத்துப்போகாததற்கு இது ஒன்றே போதும்.

அடிக்கடி தேவைப்படும் சில: 'ரிசர்ச்', 'சர்வே', 'இன்டர்வியூ' மூன்றுக்கும் 'கண்டக்ட்' அல்லது 'கேரி அவுட்'. 'டேட்டா'வுக்கு 'கலெக்ட்', 'கேதர்'. 'கொஸ்டியனேர்' என்றால் கொடுப்பவர் 'அட்மினிஸ்டர்', நிரப்புபவர் 'கம்ப்ளீட்'. 'கொஸ்டியன்' என்றால் எழுப்புவது 'ரெய்ஸ்', எடுத்து ஆராய்வது 'அட்ரஸ்'. 'ரோல்' என்றால் 'பிளே'. 'அட்டென்ஷன்' என்றால் நாம் செலுத்துவது 'பே', பிறர் கவனத்தை ஈர்ப்பது 'டிரா அட்டென்ஷன் டு'. 'ரிக்ரெஷன்' என்ற புள்ளியியல் பகுப்பாய்வு என்றால் 'ரன்'. 'டூ ரிசர்ச்' என்பது தவறல்ல, பேச்சுநடைக்கு நெருக்கமானது, அவ்வளவே. ஆனால் 'எ ரிசர்ச்' என்று ஒருமைச் சுட்டு போட்டால் தவறு. அந்த இடத்தில் 'எ ஸ்டடி' வேண்டும்.

அறிகுறி: 'டிஸ்கஸ் அபௌட்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'லாக்ஸ் ஆஃப்'

நான் பார்க்கும் வரைவுகளில் அதிகம் சிவப்பாவது இங்கேதான். இதன் காரணம் தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் ஒரே வீச்சில் சரியாகிவிடும். இந்தச் சொற்களுக்குப் பெயர் வடிவம் ஒன்று, வினை வடிவம் ஒன்று. பெயருக்கு பிரிபோசிஷன் வேண்டும், வினைக்கு வேண்டாம். 'எ டிஸ்கஷன் அபௌட் த ரிசல்ட்ஸ்' சரி. வினையானால் 'வீ டிஸ்கஸ் த ரிசல்ட்ஸ்'. 'பிளேஸ் எம்ஃபசிஸ் ஆன்' சரி. வினையானால் 'எம்ஃபசைஸ்' மட்டும். 'எ லாக் ஆஃப் டேட்டா' சரி. வினையானால் 'த ஸ்டடி லாக்ஸ் டேட்டா'. 'இன்ஃப்ளூயன்ஸ் ஆன்', 'டிமாண்ட் ஃபார்', 'அக்செஸ் டு', 'அப்ரோச் டு' எல்லாம் பெயருக்கு உரியவை; வினையாகும்போது அந்த பிரிபோசிஷன் உதிர்ந்துவிடும். பெயரோடு பழகிய பிரிபோசிஷன் வினைக்கும் ஒட்டிக்கொண்டு வருவதுதான் பிழை.

ஆகவே வரைவில் இப்படி ஒரு சொல் வந்தால் முதல் கேள்வி: இந்த வாக்கியத்தில் இது பெயரா, வினையா? விடை தெரிந்ததும் கை தானாக நீக்கும் அல்லது சேர்க்கும்.

அடுத்த வகை, எல்லா பிரிபோசிஷனும் இலக்கணப்படி சரியாகி, பொருள் மட்டும் மாறிப்போவது. 'இன்க்ரீஸ்' நல்ல உதாரணம். 'அன் இன்க்ரீஸ் இன் டெம்பரேச்சர்' என்றால் எது கூடியது என்று சொல்கிறோம். 'அன் இன்க்ரீஸ் ஆஃப் 5 பர்சென்ட்' என்றால் எவ்வளவு கூடியது என்று சொல்கிறோம். வினையாக எழுதினால் அளவுக்கு 'பை': 'இன்க்ரீஸ்டு பை 5 பர்சென்ட்'. இதே இடத்தில் 'டு 5 பர்சென்ட்' என்று எழுதிவிட்டால் கூடிய அளவு 5 அல்ல, கடைசியில் நின்ற இடம் 5 என்றாகிவிடும். முடிவுகள் பகுதியில் இந்த ஒரு சிறு சொல் மொத்த எண்ணையும் தவறாக்கிவிடும். 'டிக்ரீஸ்', 'ரிடக்ஷன்', 'ரைஸ்' எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃபிரம்' இரண்டையும் கவனியுங்கள். காரணம் முதலில் வந்தால் 'இன்', விளைவு முதலில் வந்தால் 'ஃபிரம்'. மாற்றிப் போட்டால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். அப்புறம் ஜோடியாக நினைவில் வைக்க வேண்டியவை: 'காஸ் ஆஃப்', ஆனால் 'ரீசன் ஃபார்'. 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்', ஆனால் வெறும் 'கம்ப்ரைசஸ்'. 'சொல்யூஷன் டு எ ப்ராப்ளம்'. 'இம்ப்ளிகேஷன்ஸ் ஃபார் பாலிசி'.

அறிகுறி: பக்கத்துக்குப் பத்து 'வெரி'

'வெரி'யை அழித்துவிட்டு அங்கே 'எக்ஸ்ட்ரீம்லி' போடுவது தீர்வாகாது. அடைமொழி ஒவ்வொன்றுக்கும் அதற்கென்று துணை இருக்கிறது: 'வைட்லி யூஸ்டு', 'குளோஸ்லி ரிலேட்டட்', 'ஸ்ட்ராங்லி கோரிலேட்டட்', 'ரெடிலி அவைலபிள்', 'ஹைலி லைக்லி'. 'வெரி சிக்னிஃபிகன்ட்' என்று மட்டும் எழுதாதீர்கள். எண் சார்ந்த துறைகளில் 'சிக்னிஃபிகன்ட்' என்றாலே 'ஸ்டாடிஸ்டிகலி சிக்னிஃபிகன்ட்' என்று வாசகர் எடுத்துக்கொள்வார். புள்ளியியல் சோதனை எதுவும் நடத்தாமல் பெரிய மாற்றம் என்று மட்டும் சொல்ல வந்திருந்தால் 'சப்ஸ்டான்ஷியல்' பாதுகாப்பானது.

அறிகுறி: தெசாரஸைப் பார்த்து மாற்றிய பிறகு இன்னும் மோசமாகிறது

தெசாரஸ் பொருள் நெருங்கிய சொல்லைத் தரும். அந்தச் சொல் பக்கத்துச் சொல்லோடு பழகுமா என்பதைச் சொல்லாது. 'பிக்' எளிய சொல் என்று நினைத்து 'லார்ஜ்', 'ஹை', 'கிரேட்' என்று மாற்றி மாற்றிப் போடுவதில் இது தெளிவாகத் தெரியும். 'லெவல்', 'ரேட்', 'டிகிரி', 'ப்ராபபிலிட்டி' இவற்றுக்கு 'ஹை'. 'நம்பர்', 'அமவுன்ட்', 'சாம்பிள்' இவற்றுக்கு 'லார்ஜ்'. 'இம்பார்ட்டன்ஸ்' என்றால் 'கிரேட்'. 'ரேஞ்ச்' என்றால் 'வைட்' அல்லது 'ப்ராட்'. 'ப்ராப்ளம்' என்றால் 'சீரியஸ்', 'மேஜர்'. 'ப்ரொபோர்ஷன்' மட்டும் 'ஹை', 'லார்ஜ்' இரண்டையும் ஏற்கும்.

'எவிடென்ஸ்' தனிக் கவனம் கேட்கிறது. 'மெனி எவிடென்சஸ்' என்று எழுதிவிட்டு, திருத்தம் வந்ததும் 'எஸ்'ஸை மட்டும் வெட்டுகிறார்கள். வெட்டியபின் அளவைச் சொல்ல வழியில்லாமல் வாக்கியம் தொங்குகிறது. அந்த இடத்துக்கு ஆங்கிலம் தயாராக வைத்திருப்பது 'எ குரோயிங் பாடி ஆஃப் எவிடென்ஸ்', 'கன்சிடரபிள் எவிடென்ஸ்', குறைவென்றால் 'லிட்டில் எவிடென்ஸ்'. ஒன்றை மட்டும் சுட்ட 'எ பீஸ் ஆஃப் எவிடென்ஸ்'. தரத்தைச் சொல்ல 'ஸ்ட்ராங்', 'கம்பெல்லிங்', 'கன்ஃப்ளிக்டிங்', 'அனெக்டோட்டல்'. பன்மையாகாத சொல் எது வந்தாலும், அதற்குரிய அளவுச் சொல்லையும் கையோடு கற்றுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: நல்ல செய்தி கெட்ட செய்தியாகக் கேட்கிறது

'த புரோகிராம் காஸ்டு அன் இம்ப்ரூவ்மென்ட்.' இலக்கணப் பிழை இல்லை, ஆனாலும் ஏதோ கசக்கிறது. 'காஸ்' என்ற வினை வழக்கத்தில் சேதம், நோய், தாமதம், கவலை போன்றவற்றோடுதான் அதிகம் சேர்கிறது. மொழியியலாளர் மைக்கேல் ஸ்டப்ஸ் 1995-இல் பெரும் உரைத்தொகுப்பை (கணினியில் தேடும்படி சேர்த்து வைத்த உண்மையான உரைகளை) வைத்து இதை விரிவாகக் காட்டினார். நல்ல விளைவுக்கு 'லெட் டு' எழுதுங்கள், இல்லையென்றால் 'ப்ராட் அபௌட்'. எதிர்ப்பக்கம் 'ப்ரொவைட்' என்ற வினை ஆதரவு, வாய்ப்பு, தகவல் போன்ற வேண்டிய பொருள்களோடு சேரும். ஒரு வினையின் வாடை என்ன என்று அகராதிப் பொருள் சொல்லாது. பத்து எடுத்துக்காட்டு வாக்கியங்களை வரிசையாகப் படித்தால் தானாகத் தெரிந்துவிடும்.

அறிகுறி: இரண்டு வடிவமும் தேடலில் கிடைக்கிறது, எதை எடுப்பது?

பொதுத் தேடுபொறி காட்டும் முடிவு எண்ணிக்கையை நம்பாதீர்கள். அது தோராய மதிப்பீடு. தவறான வடிவத்துக்கும் ஆயிரக்கணக்கில் காட்டும். 'கோகா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க ஆங்கில உரைத்தொகுப்பைப் பயன்படுத்துங்கள். 1990 முதல் 2019 வரையிலான உரைகள், 100 கோடிச் சொற்களுக்கு மேல். அதில் ஆய்விதழ்கள் தனிப் பிரிவாக இருப்பதுதான் நமக்கு முக்கியம். பேச்சு, புனைகதை, செய்தி, ஆய்வு என்று பிரிவு வாரியாக ஒரு சொற்சேர்க்கை எங்கே அதிகம் வருகிறது என்று பட்டையாகக் காட்டும். 'கெட் ரிசல்ட்ஸ்', 'அப்டெய்ன் ரிசல்ட்ஸ்' இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். எது எந்த வீட்டுப் பிள்ளை என்று உடனே புரியும்.

கூகுளின் 'என்கிராம் வியூவர்' விரைவானது. ஐந்து சொல் வரையிலான தொடர்களை ஒப்பிடலாம். ஆனால் அது எல்லா வகைப் புத்தகங்களையும் கலந்து எண்ணும். ஆய்வு நடையைப் பிரித்துக் காட்டாது.

சில நேரம் இரண்டுமே சரியாக இருக்கும். 'மேக் எ டிசிஷன்' எங்கும் செல்லும். 'டேக் எ டிசிஷன்' பிரிட்டன் வழக்கில் உண்டு. அப்போது ஒன்றைத் தேர்ந்தெடுத்து கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

துறைக்கே உரிய சந்தேகம் என்றால் பொதுத் தொகுப்பு கைகொடுக்காது. உங்கள் துறையின் நல்ல இதழ்களிலிருந்து இருபது, முப்பது கட்டுரைகளை உரைக் கோப்பாக்கி, 'ஆன்ட்காங்க்' என்ற இலவச மென்பொருளில் ஏற்றுங்கள். ஜப்பானின் வாசேடா பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் ஆன்டனி உருவாக்கியது அது. சந்தேகப்படும் பெயர்ச்சொல்லைத் தேடினால், அது வரும் ஒவ்வோர் இடத்தையும் வரிக்கு ஒன்றாக, சொல் நடுவில் நிற்கும்படி அடுக்கித் தரும். இடப்பக்கச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தினால் வினைகளும் அடைமொழிகளும் கொத்துக் கொத்தாகத் தெரியும். வலப்பக்கச் சொல்லை வைத்து வரிசைப்படுத்தினால் பிரிபோசிஷன்கள். ஒரு மாலை நேரம் செலவழித்து இதை அமைத்துவிட்டால், ஆய்வுப் பட்டம் முடியும்வரை உங்களுக்கென்று ஓர் ஆலோசகர் இருப்பது மாதிரி.

அறிகுறி: பட்டியல் மனப்பாடம், எழுதும்போது வரவில்லை

ஆவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட ஆய்வுச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. பலரும் அதைத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அது தனிச்சொற்களின் பட்டியல். சேர்க்கைகளுக்கு 2013-இல் வந்த ஆய்வுச் சொற்சேர்க்கைப் பட்டியல் பொருத்தமானது. 2,469 சேர்க்கைகள், இலவசமாகவே கிடைக்கிறது. அதையும் அகர வரிசையில் உருப்போடாதீர்கள். உங்கள் வரைவில் வந்த பெயர்ச்சொற்களை மட்டும் அதில் தேடிக் குறியிடுங்கள். முப்பது, நாற்பது பெயர்ச்சொற்கள் ஒரு கட்டுரையை நடத்திச் சென்றுவிடும்.

'அன்கி' போன்ற அட்டை மென்பொருளில் ஏற்றும்போது ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று வைத்தால் அடையாளம் காணத்தான் பழகுவீர்கள், எழுத வராது. நீங்கள் படித்த கட்டுரையின் முழு வாக்கியத்தைப் போடுங்கள். பெயர்ச்சொல்லை அப்படியே விட்டு, வினையை அல்லது பிரிபோசிஷனை மட்டும் மறையுங்கள்: 'நோ ஃபர்ம் கன்க்ளூஷன்ஸ் கேன் பி ____ ஃபிரம் திஸ் சாம்பிள்.' கோடிட்ட இடத்தை நிரப்பும் அந்த நொடிதான் எழுதும்போது வரும் அதே நொடி. 'எ', 'த', 'ஃபிரம்' போன்ற சிறு சொற்களையும் வெட்டாமல் ஒட்டியபடியே சேமியுங்கள். அவற்றைப் பிரித்துச் சேமித்தால் பிற்பாடு ஆர்ட்டிகிள் பிழையாகத் திரும்பி வரும்.

அறிகுறி: எல்லாப் பத்தியிலும் 'பிளேஸ் எ குரூஷியல் ரோல்'

இது கொஞ்சம் முன்னேறியவர்களுக்கு வருவது. சேர்க்கை சரி, ஆனால் ஒன்றே திரும்பத் திரும்ப வந்து எதையும் சொல்லாமல் நிற்கிறது. அந்த வாக்கியத்தை நிறுத்தி, என்ன பங்கு என்று கேளுங்கள். நொதி வினையை வேகப்படுத்துகிறதா, வருமானம் வாக்களிப்பைத் தீர்மானிக்கிறதா? விடை கிடைத்ததும் அந்த வினையையே எழுதலாம், 'ரோல்' தேவைப்படாது.

இதோடு வரும் பயம் ஒன்று: பிறர் கட்டுரையிலிருந்து சேர்க்கையை எடுத்தால் திருட்டாகுமா? 'லிட்டில் இஸ் நோன் அபௌட்', 'ஃபர்தர் ரிசர்ச் இஸ் நீடட்' போன்றவை எல்லாருக்கும் பொதுவான சட்டகங்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகம் இத்தகைய தொடர்களை 'அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்' என்று தொகுத்து எல்லாரும் பயன்படுத்தவே வைத்திருக்கிறது. எல்லை எங்கே என்றால், சட்டகத்துக்குள் இருக்கும் கருத்தும் தரவும் துறைச்சொல்லும் உங்களுடையதாக இருக்க வேண்டும். ஒருவருடைய வாதத்தையே அவருடைய சொற்களில் எடுத்தால் மேற்கோள் குறியும் மூலமும் வேண்டும். சேமிக்கும்போதே உள்ளடக்கச் சொற்களை அழித்து அந்த இடத்தில் புள்ளிகள் வைத்துவிடுங்கள்; பிறகு எது சட்டகம், எது அவருடையது என்று குழப்பம் வராது.